அப்பாவின் மருந்துச் சீட்டுக்கு ஒரு எஸ்டிமேட்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் யூனியன் செயலாளர் மூன்று தடவை கேட்டுவிட்டார். எனக்குக் கவிதை வராது. காதல் கதை எழுதினால் ஹாஸ்டல் பசங்க வருஷம் முழுக்க ஓட்டுவார்கள். அதனால் நான் செய்து பார்த்த ஒரே ஆராய்ச்சியைப் பற்றி எழுதுகிறேன். ஆராய்ச்சி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். எங்க ஊர் டாக்டர் எங்க அப்பாவுக்கு எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு, மெடிக்கல் ஷாப் பில், ஒரு கால்குலேட்டர். இவ்வளவுதான் என் லேபரட்டரி.

நான் டிரிபிள் ஈ இரண்டாம் ஆண்டு. ஈரோடு பக்கம் தறிச் சத்தம் ஓயாத ஊர் எங்களுடையது. அப்பா கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறார், அம்மா தார் சுற்றுகிறார். எங்க வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் வீட்டுக்கு வருகிற இங்கிலீஷ் காகிதம் எல்லாம் என் கைக்கு வந்துவிடும். "படிச்ச பையன் பாப்பான்" என்று அம்மா எடுத்து வைத்துவிடுவார். மருந்துச் சீட்டு மட்டும் அப்படி வந்ததில்லை. அதைப் படிக்க மெடிக்கல்காரருக்கு மட்டும்தான் தெரியும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நினைப்பு. எனக்கும்தான்.

போன ஆடி மாதம் அப்பா தறிப் பக்கத்திலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். நல்ல வேளை, தறி மேலே விழவில்லை. பட்டறைக்காரர் தன் வண்டியிலேயே கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே பிரஷர் பார்த்தபோது 190-க்கு 110. நர்ஸ் கேட்டார், "மாத்திரை ஒழுங்காப் போடறீங்களா?"

"போடறனுங்க" என்றார் அப்பா.

பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. வீட்டுக்கு வந்து மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சிவப்புக் கலர் கேப்சூல் அட்டை காலி. கேஸ் மாத்திரை அட்டை காலி. பிரஷர் மாத்திரை அட்டை மட்டும் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. ஏன் என்று கேட்டேன். "அதப் போட்டாலும் ஒண்ணும் தெரியறதில்ல, போடாட்டியும் ஒண்ணும் தெரியறதில்ல. இந்தச் செகப்பு மாத்திரதான் தெம்பு குடுக்குது. கையில காசு இருக்கறதுக்குத் தகுந்த மாதிரிதான வாங்கோணும்?" என்றார்.

அன்று ராத்திரிதான் சீட்டையும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நாம் எஸ்டிமேஷன் வகுப்பில் என்ன செய்கிறோம்? ஒரு வீட்டுக்கு வயரிங் எஸ்டிமேட் போடும்போது "1.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயர், இத்தனை மீட்டர்" என்று எழுதுகிறோம். கம்பெனி பெயர் எழுதினால் சார் சிவப்பு மையில் சுழித்துவிடுவார். ஸ்பெசிபிகேஷன் எழுது, பிராண்டு எழுதாதே என்பார். மருந்துக்கும் ஸ்பெசிபிகேஷன் உண்டு. டெல்மிசார்டான் 40 மில்லிகிராம் என்பது ஸ்பெசிபிகேஷன். அதை எத்தனையோ கம்பெனிகள் ஆளுக்கொரு பெயர் வைத்து, ஆளுக்கொரு விலையில் விற்கின்றன. சீட்டில் டாக்டர் எழுதுவது அந்தக் கம்பெனிப் பெயரை. அதனால்தான் எனக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை.

மருந்துக் கடையில் இருக்கிற பார்மசிஸ்ட் அக்காதான் எனக்கு வாத்தியார். அவரும் நம்மைப் போல டிப்ளமோதான், இரண்டு வருஷ டி.பார்ம். கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிக் காட்டினார். "கம்பெனி பேருக்குப் பக்கத்துல மருந்தோட சொந்தப் பேர் இருக்கும் தம்பி. அதைப் பாரு. பக்கத்துலயே எத்தனை மில்லிகிராம்னு இருக்கும். இந்த ரெண்டும் ஒண்ணா இருந்தா மருந்து ஒண்ணு." சீட்டில் உள்ள குறிகளையும் சொல்லிக் கொடுத்தார். 1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று. ஓ.டி. என்றால் நாளுக்கு ஒரு வேளை, பி.டி. இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை. எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். இந்தக் கடைசிக் குறி தெரியாமல் எத்தனை பேர் காய்ச்சல் விட்ட பிறகும் காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறார்களோ!

இனி எங்க வீட்டுப் பில். முப்பது நாளுக்குக் கணக்கு:

டெல்மிசார்டான் (பிரஷருக்கு), 30 மாத்திரை, ரூ.225.
கிளிமிபிரைடும் மெட்பார்மினும் சேர்ந்தது (சுகருக்கு), 60 மாத்திரை, ரூ.390.
அடோர்வாஸ்டாடின் (கொழுப்புக்கு), 30 மாத்திரை, ரூ.180.
பான்டோபிரசோல் (கேஸ் மாத்திரை), 30, ரூ.300.
மீதைல்கோபாலமினோடு இன்னும் ஏழெட்டுச் சத்துகள் சேர்ந்த சிவப்புக் கேப்சூல், 30, ரூ.420.

மொத்தம் ரூ.1,515. இதைக் கூட்டி முடித்ததும் நான் செய்த ஒரு காரியம்தான் எனக்குக் கண்ணைத் திறந்தது. நோய்க்கான மருந்துகளைத் தனியாகவும், துணைக்கு வந்தவற்றைத் தனியாகவும் கூட்டினேன். முதல் மூன்றும் ரூ.795. கடைசி இரண்டு மட்டும் ரூ.720! ஏறக்குறையப் பாதிப் பணம் துணை மருந்துக்குப் போகிறது. மொத்தப் பணமும் சேராத மாதத்தில் அப்பா எதை விட்டார்? பிரஷர் மாத்திரையை விட்டார். அவர் கணக்குப்படி அது சரி. விலை அதிகமாக இருக்கிறதுதானே நல்ல மருந்தாக இருக்க வேண்டும்? பிரஷர் வலிக்காது, அரிக்காது. உள்ளே இருந்துகொண்டே ரத்தக் குழாய், இதயம், சிறுநீரகம், மூளை என்று வேலையைக் காட்டும். அந்த மாத்திரை தினமும் போட்டால்தான் பிடிமானம். இதை அவருக்கு யாரும் பொறுமையாகச் சொன்னதில்லை.

அக்காவிடம் கேட்டேன், "இதே மருந்து கம்மி விலையில இருந்தா மாத்திக் குடுங்க அக்கா." அவர் தலையை ஆட்டிவிட்டார். "அப்படிக் குடுக்கக் கூடாது தம்பி. டாக்டர் எழுதின பேருக்குப் பதிலா வேற பேர்ல, உள்ளே அதே மருந்து இருந்தாக்கூட, நானா மாத்திக் குடுக்கச் சட்டத்துல இடம் இல்ல. டாக்டர் எழுதோணும்." பிறகு தெரிந்துகொண்டேன், 1945-ம் வருஷ மருந்து விதிகளில் 65-வது விதி அப்படித்தான் சொல்கிறது. சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று ஷெட்யூல் எச் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு இது பொருந்தும். ஆக, கடையில் வாதாடிப் பிரயோசனம் இல்லை. சாவி டாக்டர் கையில் இருக்கிறது.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பிராண்டுப் பெயர் விவகாரம் இன்று நேற்று வந்ததில்லை. ஜெய்சுக்லால் ஹாத்தி தலைமையிலான கமிட்டி 1975-லேயே மருந்துகளின் பிராண்டுப் பெயர்களைப் படிப்படியாக எடுத்துவிட்டுச் சொந்தப் பெயரில் விற்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அது நடக்கவில்லை. 2002-ல் மருத்துவ கவுன்சில் கொண்டு வந்த நடத்தை விதிகளில், டாக்டர்கள் கூடுமான வரை ஜெனரிக் பெயரில் எழுத வேண்டும் என்று வந்தது. 2016-ல் அதைத் திருத்தி, தெளிவாகவும், முடிந்தால் கேபிடல் எழுத்திலும் எழுத வேண்டும் என்று சேர்த்தார்கள். 2023 ஆகஸ்டில் இன்னும் கடுமையான புது விதி வந்தது, டாக்டர்களின் எதிர்ப்பால் அதே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது.

விலைக் கட்டுப்பாடு இருக்கிறதே, அது என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2013-ம் வருஷ மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு உச்சவரம்பு விலை உண்டு. அதைக் கண்டுபிடிக்கிற முறை நமக்குப் புரிகிற கணக்குதான். சந்தையில் குறைந்தது ஒரு சதவீதம் விற்பனை உள்ள கம்பெனிகள் கடைக்காரருக்குக் கொடுக்கும் விலைகளை எடுத்து, சராசரி பார்த்து, கடைக்காரருக்கு 16 சதவீதம் கூட்டுவார்கள். உதாரணத்துக்கு ஐந்து கம்பெனிகள், ஒரு அட்டை 20, 24, 30, 36, 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 30. அதோடு 16 சதவீதம் சேர்த்தால் ரூ.34.80. கவனியுங்கள், 40 ரூபாய்க்காரர் இறங்கி வர வேண்டும், உண்மைதான். ஆனால் 20 ரூபாய்க்கும் ஒருவர் கொடுக்க முடிகிறது என்ற செய்தி சராசரிக்குள் காணாமல் போய்விடுகிறது. முன்பு 1995-ம் வருஷ ஆணையில் தயாரிப்புச் செலவை வைத்து விலை போட்டார்கள். இப்போது சந்தை விலையை வைத்துப் போடுகிறார்கள். பட்டியலில் இல்லாத மருந்துக்கு உச்சவரம்பே இல்லை, பன்னிரண்டு மாதத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது, அவ்வளவுதான். அப்பாவின் சிவப்புக் கேப்சூல் மாதிரிப் பல சத்துகளைக் கலந்து கட்டி வருகிற சரக்கு எந்தப் பக்கம் இருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் இதே தமிழ்நாட்டில் இன்னொரு வழியும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் தொடங்கி, 1995 ஜனவரியிலிருந்து அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து அனுப்புகிறது. டெண்டர் விடுவது ஜெனரிக் பெயரில். மாவட்டத்துக்கு மாவட்டம் கிடங்கு. பரிசோதனைக் கூடத்தில் தேறிய பிறகுதான் சரக்கு வெளியே போகும். மற்ற மாநிலங்களும் பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு இது. அப்பாவுக்குத் தலை சுற்றிய அன்று கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை அட்டையில் கம்பெனிப் பெயர் பளபளப்பாக இல்லை, மருந்தின் பெயர்தான் பெரிதாக இருந்தது. காசும் வாங்கவில்லை.

அப்படியானால் அங்கேயே போகலாமே? நானும் கேட்டேன். "அரை நாள் ஷிப்ட் போயிருமே" என்றார் அப்பா. தனியார் கிளினிக் ராத்திரி ஒன்பது வரைக்கும் இருக்கிறது, தறி நிறுத்திவிட்டுப் போகலாம். 2021 ஆகஸ்டில் வந்த மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது, எங்க தெருவிலேயே வாங்குகிறவர்கள் உண்டு. எங்க வீடு பகலில் பூட்டியிருக்கும். நோயாளி எந்த டாக்டரிடம் போகிறார் என்பதை வேலை நேரமும் சேர்ந்துதான் முடிவு பண்ணுகிறது. இதை எந்தப் பாடத்திலும் நான் படிக்கவில்லை.

ஒரு டாக்டர் எழுதுகிற முறை சரியாக இருக்கிறதா என்று அளக்க உலக சுகாதார நிறுவனம் 1993-ல் ஒரு கையேடு போட்டது. அதில் ஐந்து கேள்விகள். ஒரு சீட்டுக்குச் சராசரி எத்தனை மருந்து? எத்தனை சதவீதம் ஜெனரிக் பெயரில்? எத்தனை சீட்டில் ஆன்டிபயாடிக்? எத்தனை சீட்டில் ஊசி? எத்தனை மருந்து அத்தியாவசியப் பட்டியலில் இருக்கிறது? ஒரு ஆஸ்பத்திரியை அளக்க வேண்டுமானால் நூறு சீட்டாவது வேண்டும். எங்க வீட்டு இரும்புப் பெட்டியில் நான்கு சீட்டுதான் கிடைத்தது. நான்கை வைத்துக்கொண்டு டாக்டரை எடை போடுவது ஒரே ரீடிங் எடுத்துக் கிராப் வரைகிற மாதிரி. அதனால் சதவீதம் எல்லாம் போடவில்லை. ஆனாலும் கேள்விகளைக் கேட்டுப் பார்த்தேன். நான்கிலும் ஜெனரிக் பெயர் ஒன்றுகூட இல்லை. தங்கச்சிக்குச் சளி பிடித்தபோது வாங்கிய சீட்டில் அசித்ரோமைசின் இருந்தது. சாதாரணச் சளி வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. வீணாகச் சாப்பிடச் சாப்பிடக் கிருமிகள்தான் அந்த மருந்துக்குப் பழகிப்போகும். அட்டையின் மேலே நீளமாக ஒரு சிவப்புக் கோடு பார்த்திருப்பீர்கள். டாக்டர் சொல்லாமல் வாங்காதே என்று அர்த்தம். 2016-ல் மத்திய அரசு அதைப் பிரசாரமாகவே செய்தது.

இதில் டாக்டரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. அன்று அதே கிளினிக்கில் அம்மா சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது: "சார், நல்ல பவரான மாத்திரையா எழுதுங்க. ஒரு ஊசியும் போட்டுருங்க." ஊசி போடாத டாக்டரை எங்க தெருவில் டாக்டர் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்த மாதச் செக்கப்புக்கு அப்பாவோடு நானும் போனேன். முதல் நாளே அம்மாவுக்குப் பயம். "கேள்வி கேக்கறேன்னு போயி அவரக் கோவிக்க வெச்சராத கண்ணு. நடு ராத்திரியில கதவத் தட்டினா எந்திரிச்சு வர்ற மனுசன்." அதுவும் நிஜம். நான் பாடநோட்டில் ஒரே ஒரு கேள்வி எழுதிக்கொண்டு போனேன். இதைச் சொல்ல வெட்கமில்லை, உள்ளே போனதும் கை நடுங்கியது.

"சார், அப்பாவால மாசம் ஆயிரத்து ஐந்நூறு முடியலைங்க. எது கட்டாயம், எதை விடலாம்னு நீங்களே சொல்லுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன படிக்கிறே?" என்றார். சொன்னேன். "மெடிக்கல் லைன் இல்லையே?" என்றார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சீட்டை வாங்கி முன் பக்கம் பின் பக்கம் பார்த்தார். கேஸ் மாத்திரைக்கு வந்ததும் நிறுத்தினார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தோள்பட்டை வலிக்கு மாத்திரை எழுதியபோது, அது வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்கச் சேர்த்தது அது. வலி மாத்திரை சீட்டிலிருந்து போய்விட்டது, கேஸ் மாத்திரை மட்டும் மாசாமாசம் காப்பி ஆகிக்கொண்டே வந்திருக்கிறது. "இது வேண்டாம்" என்று அடித்தார்.

சிவப்புக் கேப்சூலும் அப்படித்தான், கமிஷனுக்கு எழுதியது என்று நான் மனசுக்குள் தீர்ப்பே எழுதி வைத்திருந்தேன். அங்கேதான் நான் பாதி ஏமாந்தேன். மெட்பார்மின் வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் பி12 சத்து குறையலாம், அப்பாவுக்குக் கால் மதமதப்பு இருந்ததால் எழுதினேன் என்றார். காரணம் இருக்கிறது! "அப்படின்னா வெறும் பி12 மட்டும் போதுங்களா சார்?" என்று கேட்டுவிட்டேன். நோட்டில் எழுதாத கேள்வி. கொஞ்சம் யோசித்து, "போதும். மூணு மாசம் குடு. அப்புறம் ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம்" என்றார். எட்டுச் சத்து கலந்த கேப்சூல் போய், ஒரு சத்து மாத்திரை வந்தது.

ஜெனரிக் பெயரில் எழுதச் சொன்னபோதுதான் கொஞ்சம் சூடானார். "எனக்கு இந்தக் கம்பெனி மருந்து இருபது வருஷமாத் தெரியும். வேற ஏதோ ஒண்ணைக் குடுத்து வேலை செய்யலைன்னா என்கிட்டத்தான் வருவாங்க." இந்த வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. தரமில்லாத மருந்து இருக்கத்தான் செய்கிறது. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் தரம் தேறாத மருந்துகளின் பட்டியல் போடுகிறது. ஆனால் அந்தப் பட்டியலில் பிராண்டுப் பெயர் வைத்ததும் வருகிறது, வைக்காததும் வருகிறது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. தைரியம் வரவில்லை என்பதே உண்மை. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையை மட்டும் மேஜை மேல் வைத்தேன். ஒரு மாதம் அதைப் போட்டு அப்பாவுக்கு அன்றைக்குப் பிரஷர் 140-க்கு 88. அவரே அளந்த அளவு. பேசாமல் பேனாவை எடுத்துக் கேபிடல் எழுத்தில் எழுத ஆரம்பித்தார்.

எழுதிக்கொண்டே அப்பாவைக் கேட்டார், "இப்போ தோள் வலிக்கு என்ன பண்றீங்க?"

அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "வலிச்சா மட்டும் கடையில ரெண்டு மாத்திர வாங்கிப் போட்டுக்குவனுங்க. அஞ்சு ரூவாதானுங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வலி மாத்திரைகளில் பல, பிரஷரை ஏற்றும். சுகர், பிரஷர் இரண்டும் உள்ளவருக்குச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வாரத்தில் நாலு நாள் அதைப் போட்டுக்கொண்டு பிரஷர் மாத்திரையை விட்டிருக்கிறார் மனுஷன். என் அழகான எஸ்டிமேட்டில் அந்த ஐந்து ரூபாய் வரவே இல்லை. பில் போடாத மருந்து அது, சீட்டில் எழுதாத மருந்து. நான் ரூ.1,515-ஐ ராத்திரி முழுக்கக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன், ஆபத்து சட்டைப் பையில் காகிதத்தில் மடித்து இருந்திருக்கிறது. கிளினிக்கை விட்டு வெளியே வந்த பிறகும் எனக்குச் சமாதானம் ஆகவில்லை. அந்தக் கேள்வியை நான் அல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்?

புதுச் சீட்டில் நான்கு மருந்து. நான் பஸ் மாறுகிற ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு முதல்வர் மருந்தகம் இருக்கிறது. 2025 பிப்ரவரி 24-ல் மாநிலம் முழுக்க ஆயிரம் கடை திறந்தார்களே, அதில் ஒன்று. மத்திய அரசின் மக்கள் மருந்தகம் 2008 முதல் இருக்கிறது, உங்க ஊரில் எது பக்கமோ அங்கே போகலாம். ஒன்று மட்டும் கவனம். சாதாரணக் கடையில் "ஜெனரிக்தான்" என்று சொல்லிக் கொடுக்கிற அட்டையிலும் எம்.ஆர்.பி. அதிகமாக அச்சாகி இருப்பது உண்டு. ஜெனரிக் என்ற பெயரை நம்பிக் காசை நீட்டாமல், விலையைக் கேட்டு, எத்தனை சதவீதம் குறைக்கிறார்கள் என்று பார்த்து வாங்குங்கள். எங்களுக்கு ஒரு மாதத்துக்கு நான்கு மருந்தும் சேர்த்து ரூ.200-ஐத் தாண்டவில்லை. பில்லை இரண்டு தடவை சரிபார்த்தேன், எதையோ விட்டுவிட்டார்கள் என்று நினைத்து.

இப்போது மாதம் முதல் தேதி மருந்து வாங்குவது என் வேலை. மாத்திரை டப்பாவில் எந்த நாளுக்கு எது என்று தங்கச்சி ஸ்கெட்ச் பேனாவில் எழுதி வைத்திருக்கிறாள். ராத்திரி எண்ணிப் பார்ப்பதும் அவள்தான். தோள் வலிக்கு அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறார். தறி ஓட்டுகிற தோள், வலி முழுசாகப் போகவில்லை.

அப்பா மட்டும் இன்னும் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் ஒரு தடவை கிளறிப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "அந்தச் செகப்பு மாத்திர வரலீங்களா?"